ஐம்பதாயிரம் கோயில் படங்கள் இருக்கின்றன, கேட்டால் ஒன்றை எடுத்துக் கொடுக்க முடியவில்லை

அரிசிலாறு எழுதியது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுக்கிற ஒரு சின்னக் குழு எங்களுடையது. தொல்லியல் படித்தவர் யாரும் இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வங்கிக்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் நான். சிற்பம், கல்வெட்டு, தூண், விதானம், திருப்பணியில் பெயின்ட் அடிப்பதற்கு முன் இருந்த சுவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். இப்போது ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கும்.

நிலைமை இதுதான். நாலைந்து ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி ஃபோல்டர். ஒன்றில் ஊர்ப் பெயர், ஒன்றில் தேதி, ஒன்றில் "புது ஃபோல்டர் 7". வங்கிக்காரர் கூகுளின் பிகாசா என்ற படம் அடுக்கும் மென்பொருளில் நிறைய வேலை செய்து வைத்திருந்தார், அது அவர் பழைய கம்ப்யூட்டரிலேயே நிற்கிறது. பிள்ளைகள் எடுத்தது கூகுள் ஃபோட்டோஸில். வாட்ஸாப் குழுவில் வந்ததைச் சேமித்தது தனி. ஆசிரியரிடம் 90களில் எடுத்த நெகடிவ் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்கிறார்.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி, பத்தாம் நூற்றாண்டுக் கோயில்களில் கோட்டத்தில் (வெளிச்சுவர் மாடத்தில்) இருக்கும் அர்த்தநாரி படம் உங்களிடம் உள்ளதெல்லாம் வேண்டும் என்று கேட்டார். நாகேசுவரன் கோயில் மேற்குக் கோட்டம் உடனே கிடைத்தது, அது யாருக்கும் மறக்காத சிற்பம். மற்றவையும் எடுத்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆனால் எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர் என்று யாருக்கும் தெரியவில்லை. தேடினால் "டிஎஸ்சி 4471" என்று பெயர் போட்ட ஃபைல்தான் வருகிறது.

கேள்விகள்: ஃபோல்டரை ஊர் வாரியாக வைப்பதா, தேதி வாரியாகவா? டேக் (தேடுவதற்காகப் படத்தோடு சேர்க்கும் சொல்) தமிழிலா ஆங்கிலத்திலா? காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள் எது? இதெல்லாம் இன்னும் இருபது வருடம் கழித்தும் திறக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? பெரிய சர்வர் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை.

மெய்க்கீர்த்தி எழுதியது:

ஃபோல்டர் சண்டையை முதலில் விட்டுவிடுங்கள், அதில் யாரும் ஜெயித்ததில்லை. ஒரு படம் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். ஆனால் அந்த அர்த்தநாரி படம் கும்பகோணத்துக்கும் சொந்தம், மேற்குச் சுவருக்கும் சொந்தம், முற்காலச் சோழருக்கும் சொந்தம். இதற்கெல்லாம் சேர்த்து ஃபோல்டர் போட்டால் ஒரே படத்தை நாலு இடத்தில் நகலெடுத்து வைப்பீர்கள், பிறகு எது அசல் என்று தேடுவீர்கள். தேதியும் ஊரும் சேர்ந்த ஒரே ஒரு அடுக்கு போதும், "2014-08-17 புள்ளமங்கை" என்பது போல. வருடம் முன்னால், மாதம் அடுத்து, நாள் கடைசி. அப்படி எழுதினால் கம்ப்யூட்டர் தானே காலவரிசையில் அடுக்கிவிடும். அதற்குள் உள்ஃபோல்டர் வேண்டாம்.

மற்ற எல்லாத் தகவலும் படத்துக்குள்ளேயே போக வேண்டும். கேமரா தானாக எழுதும் எக்ஸிஃப் (எடுத்த நேரம், லென்ஸ், போனாக இருந்தால் இடம்) ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மனிதர் எழுதுவதற்கென்றே ஓர் இடம் உண்டு. செய்தி நிறுவனங்கள் ஐபிடிசி என்ற பெயரில் வகுத்த புலங்கள் அவை: தலைப்பு, விளக்கம், கீவேர்டு, ஊர், எடுத்தவர், உரிமை. 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற வடிவத்தில் இன்று அவற்றை எழுதுகிறார்கள். 2012இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகவே ஆகிவிட்டது, ஆகவே ஒரு கம்பெனி கடையை மூடினாலும் உங்கள் எழுத்து போகாது. பிகாசாவைப் பாருங்கள், 2016இல் கூகுள் நிறுத்திவிட்டது. மென்பொருள் வரும் போகும், ஃபைலுக்குள் எழுதியது ஃபைலோடு போகும்.

மென்பொருள் என்றால் டிஜிகாம். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிளை கிளையாக டேக் போடலாம், ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்கும், வரைபடத்தில் இடம் குறிக்கலாம். ஆனால் அமைப்புக்குள் போய், டேக்கையும் விளக்கத்தையும் தன் தரவுத்தளத்தில் மட்டும் வைக்காமல் படத்திலும் எழுதுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடோபியின் லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்: அவர்கள் போடும் கீவேர்டு அதன் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தில்தான் உட்காரும், ஃபைலில் எழுது என்று தனியாகச் சொல்ல வேண்டும். ரா ஃபைல்களுக்கு (கேமரா பதப்படுத்தாமல் தருபவை) பக்கத்திலேயே குட்டியாக ஓர் எக்ஸ்எம்பி ஃபைல் உருவாகும், அதைக் குப்பை என்று யாராவது அழித்துவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள். அந்தக் குட்டி ஃபைலுக்கு லைட்ரூம் பெயர் வைக்கும் முறையும் டிஜிகாம் வைக்கும் முறையும் வேறு வேறு, எனவே குழுவில் எல்லோரும் ஒரே மென்பொருளில் இருப்பது நல்லது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டால் ஸ்ரீபுரந்தான் கதையைச் சொல்லுங்கள். அரியலூர் மாவட்டத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த கோயில். அங்கிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது, முறையான காகிதங்கள் இருக்கின்றன என்ற நம்பிக்கையில். அந்தக் காகிதங்கள் பொய் என்று காட்டியதில் பெரிய பங்கு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய படங்களுக்கு உண்டு. அதே சிலை கோயிலில் இருந்தபோது எடுத்தவை. 2014இல் நடராசர் திரும்பி வந்தார். அந்த நிறுவனம் 1950களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் விஷயம் எண்ணிக்கையில் இல்லை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சிலை என்று அட்டவணை இருந்தது. "நடராசர், செம்பு" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் லட்சம் படத்தில் அது யார் கண்ணில் பட்டிருக்கும்?

நெடுங்கணக்கு எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. தமிழில் டேக் போடுவதில் சில பள்ளங்கள் இருக்கின்றன, அதை மட்டும் சொல்கிறேன். தமிழில் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தாராளமாகப் போடுங்கள்.

ஐபிடிசியில் பழைய வடிவம் ஒன்று, புதிய எக்ஸ்எம்பி வடிவம் ஒன்று. பழையதில் ஒவ்வொரு புலத்துக்கும் பைட் (கம்ப்யூட்டர் சேமிப்பின் சிறு அலகு) கணக்கில் உச்சவரம்பு உண்டு. ஊர்ப் பெயருக்கு 32 பைட், கீவேர்டு ஒன்றுக்கு 64. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனியாகக் கணக்கு. "கங்கைகொண்ட சோழபுரம்" என்று எழுத 55 பைட் வேண்டும். 32இல் வெட்டினால் சோழபுரமே போய்விடும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு கிடையாது. அதனால் தமிழை எக்ஸ்எம்பியில் எழுதுங்கள், பழைய ஐபிடிசி புலத்தில் ஆங்கிலப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். ஃபைல் பெயருக்கும் இதே சிக்கல்தான், லினக்ஸில் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது, நீளமான தமிழ் வாக்கியத்தைப் பெயராக வைத்தால் இடிக்கும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. "கொ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒற்றைக் குறியாகிய ொ சேர்த்து, அல்லது முதலில் ெ பிறகு ா என்று இரண்டாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தேடும் மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பழைய மேக் கோப்பு முறைமையில் ஃபைல் பெயர் இரண்டாகப் பிரிந்தே சேமிக்கப்படும், அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தால் அப்படியே வந்து நிற்கும். "ஸ்ரீ" இதைவிட மோசம். ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீரங்கம், ஸ்ரீநிவாசநல்லூர், மேலே வந்த ஸ்ரீபுரந்தான் எல்லாம் இதில் மாட்டும்.

பழைய விளக்கங்கள் பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டி வைத்தவை இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

இதற்கெல்லாம் நான் கண்ட ஒரே வழி, டேக்கை யாரும் கையால் தட்டக் கூடாது. ஓர் எக்செல் தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நீங்கள் ஏற்றுக்கொண்ட பெயர், அடுத்த பத்தியில் அதற்கு உள்ள மற்றப் பெயர்கள், அதற்கடுத்து ஆங்கிலம். அர்த்தநாரி என்று ஒருவர், அர்த்தநாரீஸ்வரர் என்று ஒருவர், அர்த்தநாரீசுவரர் என்று ஒருவர், உங்கள் தமிழாசிரியர் நிச்சயம் உமையொருபாகன் என்றுதான் எழுதியிருப்பார். நாலும் சரியே, ஆனால் டேக் ஒன்றுதான். எது என்பதைக் குழுவாக உட்கார்ந்து ஒரு நாள் சண்டை போட்டு முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு அந்தத் தாளிலிருந்து தேர்வு செய்வது மட்டும்தான். ஐரோப்பிய ஓவியங்களுக்கு ஐகன்கிளாஸ் என்று எண் போட்ட பெரிய பட்டியலே இருக்கிறது, கட்டடம், பொருள், பாணிக்கு அமெரிக்காவின் கெட்டி கலை நிறுவனத்தின் கலைச்சொல் தொகுதி இருக்கிறது. ஆனால் கங்காளர், பிட்சாடனர் மாதிரியான சிவ வடிவங்களுக்கு அவற்றை நம்பி உட்கார முடியாது, நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சும்மா_ஒருவன் எழுதியது:

இந்தக் காலத்தில் ஐம்பதாயிரம் படத்துக்குக் கையால் டேக் போடச் சொல்கிறீர்களே, யாருக்கு நேரம் இருக்கிறது? இம்மிச் என்று ஒன்று இருக்கிறது, கூகுள் ஃபோட்டோஸ் மாதிரியே, ஆனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். 2021இல் ஓபன்ஏஐ வெளியிட்ட கிளிப் வகை மாடலை வைத்துப் படத்தைப் பார்த்தே தேடும். "ஒரு காலைத் தூக்கி நிற்கும் கற்சிலை" என்று ஆங்கிலத்தில் அடித்தால் கொண்டுவந்து போடுகிறது, ஒரு டேக்கும் போடாமல். பல மொழிக்கான மாடலும் உண்டு. முகத்தையும் தானே பிரிக்கும், உங்கள் குழுப் படங்களுக்கு அது உதவும்.

அரிசிலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெடுங்கணக்கு சொன்ன "கொ" விஷயத்தை உடனே சோதித்தேன். கொடும்பாளூர் என்று தேடினால் பாதிதான் வருகிறது! இவ்வளவு நாள் மீதியை யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

சும்மா_ஒருவன் கேட்டதே என் கேள்வியும். ஐம்பதாயிரத்துக்கும் யார் உட்கார்ந்து டேக் போடுவது? வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். அப்புறம் வாட்ஸாப்பில் வந்த படங்களில் எடுத்த தேதியே இல்லை, அவற்றை என்ன செய்ய?

மெய்க்கீர்த்தி எழுதியது:

ஐம்பதாயிரம் படம் என்று பார்க்காதீர்கள். போன கோயில்கள் எத்தனை என்று பாருங்கள், சில நூறுதான் இருக்கும். ஒரு ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வு செய்து, ஊர், கோயில், எடுத்தவர் பெயர், உரிமை, நாலையும் ஒரே அடியாகப் போட்டுவிடலாம். ஒரு கோயிலுக்கு இரண்டு நிமிட வேலை. இதை மட்டும் முதலில் முழுக்க முடியுங்கள். தேடலில் பாதிச் சிக்கல் இதிலேயே தீரும்.

அடுத்து சுவர். இதற்குக் கோயிலே உதவி செய்கிறது. கிழக்கு நோக்கிய சிவன் கோயிலில் வலமாகச் சுற்றிப் படம் எடுத்திருந்தால் தெற்கு, மேற்கு, வடக்கு என்ற வரிசையில்தான் படம் விழுந்திருக்கும். தட்சிணாமூர்த்தி வந்தால் தெற்கு, நான்முகன் வந்தால் வடக்கு, இடையில் இருப்பதெல்லாம் பின்சுவரும் அதன் முனைகளும். எடுத்த நேரப்படி அடுக்கிவிட்டு, இந்த இரண்டு படங்களையும் எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டால் நடுவில் இருக்கும் அடையாளம் தெரியாத யாளி வரி, கண்டபாதச் சிற்பங்கள் (அடித்தளத்தில் உள்ள சின்னச் சிற்பங்கள்) எல்லாவற்றுக்கும் திசை கிடைத்துவிடும். புள்ளமங்கை மாதிரிக் கோயிலில் அந்தச் சின்னச் சிற்பங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் பார்த்தால் ஒரே மாதிரி, வரிசை தவிர வேறு துப்பு கிடையாது. இதனால்தான் சொல்கிறேன், கலங்கலாக இருக்கிறது, ஒரே மாதிரி இருக்கிறது என்று இடையில் உள்ள படங்களை இப்போதே அழிக்காதீர்கள். இரண்டு மூன்று கேமரா போயிருந்தால் கடிகாரங்கள் ஒத்திருக்காது. ஒரே சிற்பத்தை இரண்டு கேமராவும் எடுத்த படத்தைக் கண்டுபிடித்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, ஒரு கேமராவின் எல்லாப் படங்களுக்கும் நேரத்தை மொத்தமாகத் தள்ளிவிடலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். பில் ஹார்வி என்பவர் 2003இலிருந்து விடாமல் பராமரித்து வருகிறார், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு மாலையில் கற்றுக்கொள்வார்கள்.

இனிமேல் போகும்போது கோயில் பெயர்ப் பலகையை முதல் படமாக எடுங்கள். பலகை இல்லையென்றால் காகிதத்தில் எழுதிப் பிடித்து எடுங்கள். காசே ஆகாது.

மூன்றாவதாகத்தான் "என்ன சிற்பம்" என்பது. இதைத் தேவைப்படும்போது செய்தால் போதும். அந்த மாணவிக்காக அர்த்தநாரி தேடுகிறீர்கள் அல்லவா, தேடிக் கிடைத்தவுடன் அனுப்புவதற்கு முன்னால் டேக் போட்டுவிட்டு அனுப்புங்கள். யார் எதைக் கேட்டாலும் அப்படி. கேட்கப்படுகிற படங்கள் முதலில் ஒழுங்காகும், யாரும் கேட்காத தூண் படங்கள் ஊர்ப் பெயரோடு தூங்கட்டும்.

கல்வெட்டுப் படங்களுக்கு மட்டும் ஒரு தனிக் கவனம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியிலோ கல்வெட்டு ஆண்டறிக்கையிலோ அதற்கு எண் இருந்தால் அந்த எண்ணைக் கீவேர்டாகப் போடுங்கள். ஆய்வாளர்கள் கேட்பதே அந்த எண்ணைச் சொல்லித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்திருந்தால் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி அவைதான், எந்தச் சுவர் என்பதும் அதிலேயே இருக்கும், உட்கார்ந்து பொருத்திவிடலாம்.

சும்மா_ஒருவன் சொன்ன இம்மிச்சை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, டேக் போட உதவிக்கு ஓர் ஆள் மாதிரி அதை வைத்துக்கொள்ளலாம். "நடனமாடும் சிலை" என்று கேட்டு வந்த இருநூறு படத்தையும் ஒரே பார்வையில் பார்த்து, சரியானதைத் தேர்வு செய்து டேக் போடுவது வேகம்தான். ஆனால் அது தருவது ஊகம். ஆடையில்லாமல் மானோடு நிற்பவர் பிட்சாடனர், ஆடை உடுத்தித் தோளில் எலும்புக்கூடு மாட்டிய தண்டைச் சுமப்பவர் கங்காளர், இந்த வித்தியாசம் அதற்குத் தெரியாது. எந்த ஊர் என்பதும் தெரியாது. ஒரு கோயிலின் துவாரபாலகரைக் கேட்டால் நாற்பது கோயில் துவாரபாலகர்களைக் கொண்டுவந்து நிறுத்தும்.

வாட்ஸாப் படம்: அது படத்தைச் சுருக்கிவிடும், உள்ளே இருந்த எக்ஸிஃபையும் எடுத்துவிடும். ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஆனால் அது அனுப்பிய தேதி, எடுத்த தேதி ஆகாது. எடுத்தவரிடம் அசல் கேளுங்கள், இனிமேல் "டாக்குமென்ட்" என்று அனுப்பச் சொல்லுங்கள், அப்போது அப்படியே வரும். அசல் கிடைக்காதவற்றைத் தனி ஃபோல்டரில் "தேதி உறுதியில்லை" என்ற டேக்கோடு வையுங்கள். கூகுள் ஃபோட்டோஸில் இருப்பதை டேக்அவுட் என்ற கூகுளின் சேவை வழியாக மொத்தமாக இறக்கலாம், ஆனால் அங்கே நீங்கள் எழுதிய விளக்கம், திருத்திய தேதி எல்லாம் படத்துக்குள் வராது, பக்கத்தில் ஜேசன் என்ற எழுத்து வடிவ ஃபைலாக வரும். அதையும் எக்ஸிஃப்டூல் கொண்டு படத்துக்குள் ஏற்றலாம். ஜேசன்களை ஏற்றி முடிக்கும்வரை அழிக்க வேண்டாம்.

இருட்டறை எழுதியது:

தம்பி, நான் ஃபிலிம் காலத்து ஆள், ஸ்டுடியோ வைத்திருந்தவன். எல்லோரும் தேடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், நாளைக்கு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் எதைத் தேடுவீர்கள்?

நாலைந்து டிஸ்க்கில் நாலைந்து விதமான படம் இருப்பது பேக்கப் இல்லை. ஒவ்வொரு படமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரு பெரிய டிஸ்க்கில் கொட்டுங்கள். ஜேபெக் சராசரி 5 எம்பி என்று வைத்தால் ஐம்பதாயிரத்துக்கு 250 ஜிபி, ராவும் சேர்ந்தால் கூடும், 2 டிபி டிஸ்க்குக்குள் அடங்கிவிடும். அதே மாதிரி இன்னொன்று வாங்கி நகலெடுத்து இன்னொருவர் வீட்டில் வையுங்கள், பக்கத்துத் தெருவில் வேண்டாம், வேறு ஊர் நல்லது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் ஏறியபோது தரைத்தள வீடுகளில் கம்ப்யூட்டரும் அதன் பேக்கப்பும் ஒரே மேசையில் இருந்து சேர்ந்தே நனைந்தன. மூன்றாவது நகல் கிளவுடில். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்று பீட்டர் கிரோக் என்ற புகைப்படக்காரர் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் 3-2-1 என்கிறார்கள். பென் டிரைவை நீண்ட காலச் சேமிப்புக்கு நம்பாதீர்கள். எஸ்எஸ்டியையும் மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் வைக்கக் கூடாது. அலமாரியில் தூங்குவதற்குப் பழைய சுழலும் டிஸ்க்தான் சரி, அதையும் வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சிங்க் (இரண்டு இடத்தையும் தானாக ஒரே மாதிரி வைப்பது) என்பதும் பேக்கப் இல்லை. ஒரு பக்கம் தெரியாமல் அழித்தால் மறுபக்கமும் உடனே அழியும்.

இன்னொன்று, படம் சத்தமில்லாமல் கெடும். பாதிப் படம் சாம்பல் நிறமாக நிற்கும், திறந்தால்தான் தெரியும். கெட்ட படத்தை நல்ல நகலின் மேல் எழுதிவிட்டால் முடிந்தது கதை. இதற்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கைரேகை எண் எடுத்து ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வார்கள், அடுத்த தடவை எண் மாறியிருந்தால் ஃபைல் மாறியிருக்கிறது. டேக் போட்டாலும் எண் மாறும், அதனால் டேக் போட்டு முடித்த ஃபோல்டருக்குத்தான் பட்டியல் எடுக்க வேண்டும். அமெரிக்க காங்கிரஸ் நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் சேர்ந்து இதையே பேக்இட் என்று ஒரு முறையாக ஆக்கியிருக்கிறார்கள், படங்கள் ஒரு ஃபோல்டரில், கைரேகைப் பட்டியல் பக்கத்தில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில். எந்தக் காலத்திலும் நோட்பேடில் திறக்கும்.

ஜேபெக்கை டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பெரிய ஃபைல் வடிவம்) ஆக மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள், இடம்தான் போகும், தரம் ஒன்றும் கூடாது. கேமரா தந்தது அப்படியே இருக்கட்டும். வெளிச்சம் கூட்டி, நிமிர்த்தி, வெட்டி வைக்க ஆசைப்பட்டால் வேறு பெயரில் சேமியுங்கள், அசலைத் தொடாதீர்கள்.

நெகடிவுக்கு மட்டும் டிஃப் வேண்டும். 35 மிமீ நெகடிவை 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் வரும், கலரில் 8 பிட் என்றால் ஃபைல் ஒன்று 64 எம்பி, 16 பிட் என்றால் இரட்டிப்பு. அதற்கு மேல் போனால் ஃபிலிம் துகள்தான் பெரிதாகத் தெரியும். டப்பாவைத் திறந்தவுடன் வினிகர் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அசிடேட் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்தச் சுருள்களைத் தனியாகப் பிரித்து முதலில் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். உறையில் ஆசிரியர் கையால் என்ன எழுதியிருக்கிறாரோ அதையும் போன் கேமராவில் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஸ்கேன் முடிந்தது என்று நெகடிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கோயில் எந்த வருடம் என்று கேட்டு எழுதுங்கள், இதை ஸ்கேனுக்கு முன்னாலேயே செய்யலாம்.

நெடுங்கணக்கு எழுதியது:

இருட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நல்ல படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துக்கு எடுத்தவர் சம்மதித்தால். 2019இலிருந்து அங்கே ஒவ்வொரு படத்துக்கும் "இதில் இருப்பது என்ன" என்று தரவாகவே குறிக்கலாம், எந்த மொழியில் தேடினாலும் வரும். பேக்கப்புக்கு அது ஈடாகாது.

ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை. ஆளில்லாத கோயிலில் தனியாகக் கிடக்கும் சிற்பம், வயலில் நிற்கும் நடுகல், இவற்றின் படத்தில் போன் பதித்த ஜிபிஎஸ் இருந்தால் பொதுவில் போடுவதற்கு முன் அதை நீக்கிய நகலைத்தான் போட வேண்டும். உங்கள் அசலில் இருக்கட்டும்.

மெய்க்கீர்த்தி எழுதியது:

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஊர்ப் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் நீக்கி என்ன பயன்? திருடன் ஊருக்கு வந்து டீக்கடையில் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். செப்புத் திருமேனி, தூக்கக்கூடிய சிற்பம் என்றால் பொதுவில் போடாமல் இருப்பதே மேல். ஆனால் உங்களிடம் படம் கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் ஒன்று போதாது. 1997இல் கெட்டி அறிமுகப்படுத்திய ஆப்ஜெக்ட் ஐடி என்ற தரம் கேட்பது இதைத்தான்: படம், அளவு, பொருள், எழுத்து இருந்தால் அது, அப்புறம் முக்கியமாக அந்தச் சிலைக்கு மட்டுமே உரிய அடையாளம். உடைந்த விரல், வார்ப்பில் விழுந்த குழி, பீடத்தில் உள்ள விரிசல். அலங்காரம் செய்து மாலை போட்ட படம் பார்க்க அழகு, அடையாளம் காட்டுவதற்கு உதவாது. அனுமதி கிடைத்தால் பின்பக்கமும் எடுங்கள்.

அரிசிலாறு எழுதியது:

டிஸ்க் இரண்டு சொல்லியாகிவிட்டது, ஒன்று திருச்சியில் ஆசிரியரின் மகள் வீட்டுக்குப் போகிறது. டேக் தாளும் தொடங்கிவிட்டோம். உமையொருபாகன் என்றுதான் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒரே பிடி, கடைசியில் அவர் சொன்னதையே வைத்துவிட்டோம், அர்த்தநாரி பக்கத்துப் பத்தியில் நிற்கிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. வங்கிக்காரர் பிகாசாவில் முகங்களுக்கெல்லாம் பெயர் போட்டிருந்தார். ஓதுவார்கள், குருக்கள், ஊர்ப் பெரியவர்கள், அதில் சிலர் இப்போது இல்லை. படங்களை மட்டும் நகலெடுத்து டிஜிகாமில் திறந்தால் ஒரு பெயரும் வரவில்லை. போனது போனதுதானா?

மெய்க்கீர்த்தி எழுதியது:

போகவில்லை. பிகாசா அந்தப் பெயர்களை அதற்கென்று அமைக்காதவரை படத்துக்குள் எழுதாது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஓர் ஐஎன்ஐ ஃபைலில் வைத்திருக்கும். நீங்கள் படங்களை மட்டும் எடுத்ததால் அது வரவில்லை. பழைய கம்ப்யூட்டரில் பிகாசா இன்னும் திறக்கிறது என்றால் வேலை சுலபம். முதலில் மொத்தத்தையும், மறைந்த ஃபைல்களோடு சேர்த்து, ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பிறகு பிகாசாவில் டூல்ஸ் மெனுவில் எக்ஸ்பெரிமென்டல் என்பதற்குள் முகங்களை எக்ஸ்எம்பியில் எழுது என்று ஒரு கட்டளை இருக்கும், 3.9 பதிப்பாக இருக்க வேண்டும். அதை ஓட்டினால் பெயரும், படத்தில் முகம் இருக்கும் கட்டமும் ஃபைலுக்குள் ஏறிவிடும், டிஜிகாம் அதைப் படித்துக்கொள்ளும். முதலில் ஒரே ஒரு ஃபோல்டரின் நகலில் செய்து பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரை அதுவரை யாரும் ஃபார்மேட் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.